ட்ராக்கில் ஓட்டும் காரில் எஞ்சின் பேரிங் போகாமல் காப்பது எப்படி?

நாலாம் வளைவு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. என் காரில் இருப்பது 2 லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின். ஃபேக்டரியில் கட்டியபடியே இருக்கிறது, இதுவரை திறந்ததில்லை. சாதாரண ரோடு டயரில் ட்ராக்கில் ஓட்டிக்கொண்டிருந்தவரை ஒரு குறையும் தெரியவில்லை. இப்போது செமி ஸ்லிக் டயருக்கு (பிடிப்பு அதிகமான ட்ராக் டயர்) மாறப்போகிறேன், பயமே இங்கேதான் தொடங்குகிறது. இதே எஞ்சின் உள்ள கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அதே மாதிரி டயர் மாட்டிய கொஞ்ச நாளிலேயே ஒரு கனெக்டிங் ராட் (பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) பேரிங் போய், ஷெல் (பேரிங்கின் அரைவட்டத் தகடு) சுற்றிக்கொண்டு, கடைசியில் ராட் உடைந்து பிளாக்கில் ஓட்டை விழுந்துவிட்டது. அவர் ஆயில் மாற்றுவதில் ரொம்பக் கவனமானவர். அன்று காலையில் டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருந்ததை நானும் கூட இருந்து பார்த்தேன்.

எல்லோரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கெட்டி ஆயில் ஊற்று என்கிறார் ஒருவர் (இப்போது 5டபிள்யூ-30 ஓடுகிறது). பெரிய ஆயில் பம்ப் போடு என்கிறார் இன்னொருவர். எஞ்சினை இறக்கிப் பேரிங்கை மட்டும் முன்கூட்டியே மாற்றிவிடு என்று ஒரு யோசனை. டேஷ்போர்டில் ஆயில் விளக்கு ஒரு தடவைகூட எரிந்ததில்லை, அதை வைத்து என் எஞ்சினுக்குப் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? எதில் ஆரம்பிப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

சம்ப் பிளக் எழுதியது:

முதலில் அந்த விளக்கு விஷயம். அதை நம்பாதீர்கள். பெரும்பாலான கார்களில் அந்த சுவிட்ச் ஆயில் பிரஷர் 5 அல்லது 7 பி.எஸ்.ஐ. அளவுக்குக் கீழே போனால்தான் விளக்கைப் போடும். ஐடிலில் நிற்கும் காருக்கு அது சரி. 6000 ஆர்.பி.எம்.மில் உங்களுக்கு 55, 60 பி.எஸ்.ஐ. வேண்டும். ஆயிரம் ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்று எஞ்சின் கட்டுகிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அந்த வேகத்தில் பிரஷர் 15க்கு விழுந்தாலும் விளக்கு எரியாது, ஆனால் பேரிங்குக்கு அது போதவே போதாது. டேஷ்போர்டிலேயே ஆயில் முள் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். பல கார்களில் அது உண்மையான அளவைக் காட்டுவதே இல்லை, ஒரு எல்லைக்கு மேல் இருந்தால் நடுவில் நிற்கும்படி செய்து வைத்திருப்பார்கள்.

உங்கள் நண்பருக்கு டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருந்தும் பேரிங் போனதற்கு டயர்தான் பெரிய காரணமாக இருக்கும். கணக்கு எளிது. கார் வளைவில் 1 ஜி பக்கவாட்டு விசையில் போனால் சம்ப்புக்குள் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆயிலின் மேல்பரப்பு 45 டிகிரி சாய்ந்து நிற்கும். ரோடு டயரில் 0.8, 0.9 ஜி வரைதான் போயிருப்பீர்கள், அதுவும் சின்ன வளைவுகளில் ஒரு நொடி, இரண்டு நொடி. நல்ல டயர் மாட்டினால் 1.1, 1.2 ஜி வரும், நீளமான வளைவில் நாலைந்து நொடி அப்படியே நிற்கும். அவ்வளவு நேரமும் ஆயில் ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்கிறது, பம்ப்புக்கு ஆயிலை இழுக்கும் பிக்கப் குழாயின் வாய் நடுவில் காற்றில் இருக்கிறது. போதாததற்கு அதிக ஆர்.பி.எம்.மில் பம்ப் மேலே அனுப்பிய ஆயிலில் ஒரு பங்கு எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டிலேயே தங்கிவிடும், அந்த வேகத்தில் கீழே இறங்கி வராது. டிப்ஸ்டிக்கில் நீங்கள் பார்ப்பது நிற்கிற காரின் அளவு. ஓடும்போது சம்ப்பில் இருப்பது அதைவிடக் குறைவு.

பேரிங்கும் அதற்குள் சுற்றும் கிராங்க் தண்டின் பகுதியான ஜர்னலும் ஒன்றையொன்று தொடாமல் சுற்றுவதே ஆயில் படலத்தால்தான். மழையில் வேகமாகப் போகும் டயர் தண்ணீர் மேல் ஏறி மிதக்கிறதே, அதே வேலைதான் இங்கே நடக்கிறது, நாம் விரும்பி நடக்க வைக்கிறோம் என்பதுதான் வித்தியாசம். சுமை உச்சத்தில் அந்தப் படலம் ஓரிரு மைக்ரான் தடிமன்தான் இருக்கும். பிக்கப் அரை நொடி காற்றை இழுத்தால் 6000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் அதற்குள் 50 சுற்று சுற்றிவிடும். ஒரு தடவையில் செத்துவிடாது. ஒவ்வொரு தடவையும் ஷெல்லின் மேல்பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, இடைவெளி கூடி, ஒரு நாள் நேர் ரோட்டில் போகும்போது போகும். அதனால்தான் "ஒன்றுமே செய்யவில்லை, திடீரென்று போய்விட்டது" என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு நல்ல ஆயில் பிரஷர் சென்சாரும் ஆயில் டெம்பரேச்சர் சென்சாரும் போட்டு, ஆர்.பி.எம்., பக்கவாட்டு ஜி இரண்டோடும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். முள்ளைக் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன் என்பது வேலைக்கு ஆகாது, வளைவின் நடுவில் யாரும் முள்ளைப் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது.

கருப்பு பிளாக் எழுதியது:

இவ்வளவு குழப்பிக்கொள்ள வேண்டாம். 10டபிள்யூ-60 ஊற்றுங்கள், பெரிய பம்ப் போடுங்கள், பிரஷர் ஏறிவிடும். ரேஸ் வண்டிகள் எல்லாம் அப்படித்தான் ஓடுகின்றன.

ஜர்னல் எழுதியது:

கருப்பு பிளாக், மன்னிக்கவும், இதில் நான் முழுக்க வேறுபடுகிறேன். எஞ்சின் கட்டுவதுதான் என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பம்ப் பெரிதாக இருந்தால் சம்ப்பை இன்னும் சீக்கிரமாகக் காலி செய்து ஆயிலை மேலே அனுப்பும். பிக்கப் காற்றை இழுக்கிறது என்றால் பெரிய பம்ப் அதிகக் காற்றை இழுக்கும், அவ்வளவுதான். பம்ப் தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள். நல்ல பம்ப்பை மாற்ற வேண்டியதில்லை. கெட்டி ஆயில் விஷயத்திலும் அப்படித்தான். பி.எம்.டபிள்யூ. எஸ்65, எஸ்85 எஞ்சின்களில் ராட் பேரிங்கை முன்கூட்டியே மாற்றுவது உரிமையாளர்களிடம் வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்த எஞ்சின்களுக்குக் கம்பெனியே சொன்ன ஆயில் 10டபிள்யூ-60. கெட்டி ஆயிலே காப்பாற்றும் என்றால் அங்கே இந்தப் பேச்சே வந்திருக்கக் கூடாது. பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் நடுவில் இடைவெளி குறுகலாக இருக்கும் எஞ்சினில் குளிர்ந்த கெட்டி ஆயில் உள்ளே போய்ச் சேரவே நேரம் எடுக்கும், ஃபில்டரின் பைபாஸ் வால்வும் திறந்துகொள்ளும், வடிகட்டாத ஆயில் நேராகப் பேரிங்குக்குப் போகும்.

அதற்காக 5டபிள்யூ-30 போதும் என்று சொல்லவில்லை. டின்னின் மேல் இருக்கும் கிரேடை மட்டும் பார்க்காமல் எச்.டி.எச்.எஸ். எண்ணைப் பாருங்கள். 150 டிகிரி செல்சியஸில், பேரிங்கில் நசுங்குகிற மாதிரியான வேகத்தில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்று சொல்லும் எண் அதுதான். எஸ்.ஏ.இ. விதிப்படி 30 கிரேடுக்குக் குறைந்தது 2.9 இருந்தால் போதும், 5டபிள்யூ-40க்கு 3.5 இருக்க வேண்டும், 50 கிரேடுக்கு 3.7. தயாரிப்பு விவரத் தாளில் இந்த எண் போட்டிருக்கும். அதை வெளியிடாத ஆயிலை ட்ராக் எஞ்சினில் நான் ஊற்ற மாட்டேன். உங்கள் மாதிரி எஞ்சினுக்கு நல்ல 5டபிள்யூ-40, இல்லையென்றால் சூட்டைப் பொறுத்து 5டபிள்யூ-50, அதற்கு மேல் தேவைப்படாது.

இடைவெளி பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு, இன்றைக்கும் ஆரம்பப் புள்ளியாக அது சரியாகவே இருக்கிறது. 50 மில்லிமீட்டர் ஜர்னலுக்கு 0.05 மில்லிமீட்டர். கடினமாக ஓடும் எஞ்சினுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைப்பார்கள். இடைவெளியைக் கூட்டினால் ஆயிலையும் அதற்கேற்ற மாதிரி மாற்ற வேண்டும், இரண்டும் சேர்ந்தே போகும். ஃபேக்டரி இடைவெளி வைத்த எஞ்சினில் ரேஸ் எஞ்சினின் ஆயிலை ஊற்றுவது அதனால்தான் தப்பு.

முன்கூட்டியே பேரிங் மாற்றுவது பற்றி: பழையது ஏன் தேய்ந்தது என்று தெரியாமல் புதிது போட்டால் புதியதும் அதே இடத்தில் தேயும். ஒருவேளை திறந்தால், பழைய ஷெல்களை சிலிண்டர் எண் எழுதி, மேல் ஷெல் எது கீழ் ஷெல் எது என்று பிரித்து வையுங்கள். ராட் பக்கம் இருக்கும் மேல் ஷெல் மட்டும் அடிபட்டிருந்தால் நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது), அல்லது குறைந்த ஆர்.பி.எம்.மில் அதிக கியர் போட்டு அழுத்தியது. கேப் பக்கக் கீழ் ஷெல் தேய்ந்திருந்தால் அதிக ஆர்.பி.எம். இரண்டும் முழுக்கத் துடைத்துவிட்ட மாதிரி வழவழவென்று நிறம் மாறியிருந்தால் ஆயில் வராமல் போயிருக்கிறது. நீளக் கோடுகளும் உள்ளே பதிந்த துகள்களும் இருந்தால் அழுக்கு. ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் ராட் வளைந்திருக்கிறதா, ஜர்னல் கூம்பாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஷெல்லைக் குப்பையில் போடுகிற மெக்கானிக்கிடம் எஞ்சினைக் கொடுக்காதீர்கள்.

புதிது போடும்போது கேப்பை முழு டார்க்கில் இறுக்கி போர் கேஜால் அளந்து, ஜர்னலை மைக்ரோமீட்டரால் அளந்து கழித்துப் பாருங்கள். பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தை வைத்து இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிக் இழை) சரிபார்க்க மட்டும்தான். ராட் போல்ட் நீண்டு இறுகும் வகை என்றால் கட்டாயம் புதியது போட வேண்டும். ஷெல்லின் முதுகிலும் அது உட்காரும் இடத்திலும் ஆயில் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது, முகத்தில் மட்டும்தான் அசெம்பிளி லூப் தடவ வேண்டும்.

நாலாம் வளைவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக சம்ப் பிளக், ஜர்னல் இருவருக்கும். சென்சார்கள் மாட்டி, புதிய டயரில் ஓட்டிப் பதிவு எடுத்தேன். நேர் ரோட்டில் 6000 ஆர்.பி.எம்.மில் 61, 62 பி.எஸ்.ஐ. பிரேக் பிடிக்கும்போது ஒன்றும் மாறவில்லை. வலது வளைவுகளிலும் சரியாகவே இருக்கிறது. ஆனால் ஒரு நீளமான இடது வளைவில் மூணாவது நொடிக்குப் பிறகு பிரஷர் விட்டுவிட்டு விழுகிறது, மோசமான இடத்தில் 24 வரைக்கும். அரை நொடிக்கும் மேலே அங்கேயே நிற்கிறது. விளக்கு எரியவே இல்லை. அப்புறம் ஆயில் சூடு செஷன் முடியும்போது 138 டிகிரி. தண்ணீர் முள் அப்போதும் நடுவில்தான் நிற்கிறது. இப்போது என்ன செய்வது? இதற்கு நடுவில் காரை ஓட்டலாமா?

சம்ப் பிளக் எழுதியது:

ட்ராக்கில் இந்த டயரோடு ஓட்டாதீர்கள். ரோடு டயரை மாட்டி ஓட்டுவதென்றால் சரி, அந்தப் பதிவையும் ஒரு தடவை பார்த்துவிட்டு.

நீங்கள் எடுத்த பதிவு ரொம்பத் தெளிவாக இருக்கிறது. இடது வளைவில் ஆயில் வலது பக்கம் ஓடுகிறது, உங்கள் பிக்கப் அங்கே இல்லை. அதற்கு மருந்து தடுப்பு வைத்த சம்ப். ஆயில் பிக்கப் பக்கம் வர விடும், திரும்பிப் போக விடாத ஒருவழிக் கதவுகள் உள்ள வகையாகப் பாருங்கள். வெறும் தகடு வைத்துப் பற்றவைத்தது குறைந்த பலன்தான் தரும். சம்ப்பைக் கழற்றிய கையோடு பிக்கப் குழாயையும் பாருங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குழாய் பம்ப்பில் சேரும் இடத்தில் ஒரு ஓ-ரிங் இருந்தால் அது காய்ந்து கெட்டியாகியிருக்கும், அந்த வழியாகவே காற்று உள்ளே போகும். விரலால் அழுத்தினால் திரும்பி எழ வேண்டும், தட்டையாக அப்படியே நின்றால் அது போய்விட்டது. குழாயின் பற்றவைப்பில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சம்ப்பின் அடிப்பக்கம் எப்போதாவது கல்லில் இடித்து உள்வாங்கியிருந்தால் பிக்கப் வாய்க்கும் அடித்தகடுக்கும் நடுவில் இருக்கும் இடம் குறைந்து மூச்சடைக்கும். வலையில் சீலன்ட் துண்டுகள் சிக்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், சம்ப்பைத் திரும்ப ஒட்டும்போது சீலன்ட்டைப் பட்டையாக இழுத்தால் உள்ளே பிதுங்குவது கடைசியில் வந்து சேரும் இடம் அந்த வலைதான்.

தடுப்பு போட்டு மறுபடி பதிவு எடுங்கள். அதற்குப் பிறகும் விழுந்தால் அக்யூசம்ப். அது ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் அழுத்தக் காற்று, நடுவில் பிஸ்டன் உள்ள உருளை. பிரஷர் விழுந்த அந்த நொடியே தன்னிடம் இருக்கும் ஆயிலை எஞ்சினுக்குள் தள்ளும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் திறந்துவிட்டால் காய்ந்த பேரிங்கோடு கிராங்க் சுற்றாது என்பது கூடுதல் லாபம். ஆனால் அது சின்ன இடைவெளிகளை நிரப்பத்தான். சம்ப் மோசமாக இருந்து ஒவ்வொரு வளைவிலும் அது காலியானால், திரும்ப நிரம்ப நேரம் கிடைக்காது. ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் ட்ரை சம்ப்தான் முழுத் தீர்வு, ஸ்லிக் டயரும் பெரிய விங்கும் வைத்து ஓட்டும் கார்களுக்கு. உங்களுக்கு இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை என்பது என் கருத்து.

ஆயில் அளவை அரை லிட்டர் கூட ஊற்றுவது சில எஞ்சின்களில் நன்றாக வேலை செய்கிறது, சிலவற்றில் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். நுரை போனாலும் காற்று போனாலும் பேரிங்குக்கு ஒன்றுதான். உங்கள் எஞ்சினில் யாராவது அளந்து பார்த்திருந்தால் மட்டும் செய்யுங்கள். மேல் கோட்டுக்குக் கீழே ஒருபோதும் ட்ராக்கில் இறங்காதீர்கள், ஒவ்வொரு செஷனுக்கும் நடுவில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள்.

எச்சரிக்கையையும் மாற்றி வையுங்கள். 4000 ஆர்.பி.எம்.முக்கு மேல் 40 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால் கண்ணில் அறைகிற மாதிரி பெரிய சிவப்பு விளக்கு. எஞ்சினின் கம்ப்யூட்டர் (ஈ.சி.யு.) அனுமதித்தால் அப்படியே எஞ்சினை நிறுத்தும்படி வைப்பது இன்னும் நல்லது.

ஜர்னல் எழுதியது:

138 டிகிரியைப் பற்றி நான் சொல்கிறேன். 130 தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. 100 டிகிரியில் இருக்கும் பிசுபிசுப்பில் 140க்குப் போகும்போது ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும், அந்த மெல்லிய ஆயிலோடு பிக்கப் காற்றையும் இழுத்தால் பேரிங்குக்கு இரண்டு அடி. தெர்மோஸ்டாட் வைத்த ஆயில் கூலர் போடுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் போட்டால் சூடேற நேரம் ஆகும், குளிர்ந்த ஆயிலோடு ஓட்டுவதும் கேடுதான். தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும், ஆயில் பின்னால்தான் வரும், அதனால் ஆயில் 80 டிகிரி தொடும்வரை 3500, 4000க்கு மேல் போகாமல் ஓட்டுங்கள்.

ஓட்டும் விதத்திலும் ஒன்று உண்டு. ராட் மேல் விழும் இழுவிசை ஆர்.பி.எம்.மின் வர்க்கத்தில் ஏறும். 7000 இருக்க வேண்டிய இடத்தில் 8000 போனால் சுமை 30 சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. ரெவ் லிமிட்டர் இருக்கிறதே என்று நினைக்கலாம், ஆனால் நாலாவதிலிருந்து ஐந்துக்குப் போக நினைத்து மூன்றில் போட்டுவிட்டால் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும், லிமிட்டர் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. அப்படி ஒரு தடவை நடந்தால் அதோடு அன்றைய ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.

வடிகட்டி எழுதியது:

ஃபில்டர் பேச்சு வந்ததால் இதையும் சேர்த்துவிடுகிறேன். ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் ஃபில்டரை வெட்டுங்கள். ரம்பத்தால் அறுத்தால் அறுத்த தூளே உள்ளே விழும், குழாய் வெட்டும் கட்டர் மாதிரி சுற்றி வெட்டும் கருவி தேவை. தாளைப் பிரித்து ஆயிலைப் பிழிந்துவிட்டு வெயிலில் மடிப்பு மடிப்பாகத் திருப்பிப் பாருங்கள். பேரிங் உலோகம் சின்னச் செதிலாக மின்னும், காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் அது இரும்பு, வேறு இடத்திலிருந்து வருகிறது. ஒன்றிரண்டு புள்ளி இருப்பது சகஜம், தாள் முழுக்க மின்னினால் சம்ப்பைக் கழற்றுங்கள்.

ஆயிலை லேபுக்கு அனுப்பும்போது ஒரு எச்சரிக்கை. பழைய ஷெல்களில் மேல்பூச்சு ஈயம், கீழே செம்பு, அதனால் முதலில் ஈயம் ஏறும், பிறகு செம்பு. இப்போது வரும் பல ஷெல்களில் ஈயமே கிடையாது, அலுமினியமும் தகரமும் சேர்ந்தவை நிறைய. உங்கள் ஷெல் எதில் செய்தது என்று தெரியாமல் "ஈயம் பூஜ்ஜியம், பேரிங் நன்றாக இருக்கிறது" என்று முடிவு செய்யாதீர்கள். ஒரே ஒரு அறிக்கையும் எதையும் சொல்லாது, தொடர்ந்து அனுப்பி எது ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறதா என்பதையும் அதே அறிக்கையில் கேளுங்கள், டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் அது சத்தமில்லாமல் ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும்.

நாலாம் வளைவு எழுதியது:

சரி, வரிசை புரிந்துவிட்டது. தடுப்பு வைத்த சம்ப், புது ஓ-ரிங், தெர்மோஸ்டாட் கூலர், 5டபிள்யூ-40, அப்புறம் மறுபடி பதிவு. அதுவரை ரோடு டயர். கடைசியாக ஒன்று: என் நண்பர் வேறு எஞ்சின் போடுகிறார், பழைய எஞ்சினில் இருந்த ஆயில் கூலரை நன்றாகக் கழுவி புது எஞ்சினில் மாட்டலாம் என்று நினைக்கிறார். சரியா?

ஜர்னல் எழுதியது:

வேண்டவே வேண்டாம், உடனே அவரிடம் சொல்லுங்கள். பேரிங் போன எஞ்சினின் உலோகத் துகள் கூலரின் உள் தகடுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் எல்லாம் வெளியே வராது, புது எஞ்சின் சூடாகி ஆயில் வேகமாக ஓடும்போது கழன்று வரும். கூலருக்குப் பிறகு ஃபில்டர் இல்லாத அமைப்பு என்றால் நேராகப் பேரிங்குக்கே போய்ச் சேரும். கூலர், ஆயில் ஹோஸ்கள், தெர்மோஸ்டாட் பிளேட் மூன்றும் புதிது. பழைய ஆயில் பம்ப்பைத் திரும்பப் போடக் கூடாது. அக்யூசம்ப் இருந்தால் அதைப் பிரித்துக் கழுவ வேண்டும். புது எஞ்சினை முதலில் ஸ்பார்க் பிளக் கழற்றி, பெட்ரோல் நிறுத்தி, பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றச் சொல்லுங்கள். முதல் ஆயிலையும் ஃபில்டரையும் எஞ்சின் சூடாகி இறங்கியதுமே மாற்றி, அந்த ஃபில்டரை வடிகட்டி சொன்ன மாதிரி வெட்டிப் பார்த்துவிட்டு ட்ராக்குக்கு எடுக்கச் சொல்லுங்கள்.